சின்னப் பிள்ளைப் புத்தகத்தில் தேர்தல் சின்னம்

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் திறந்தபோது பெரும்பாலான பிள்ளைகளின் கையில் பாடப் புத்தகம் இல்லை. அச்சடிக்கவில்லை என்பதால் அல்ல. அச்சடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 200 கோடி ரூபாய் செலவு ஆகியிருந்தது. புத்தகம் கிடங்கில், பிள்ளை வகுப்பில், நடுவில் ஓர் அரசாணை. உங்களில் பலருக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். பேரனோ பேத்தியோ வெறும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டு வந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

சமச்சீர்க் கல்வி வழக்கு என்று எல்லோரும் சொல்கிற அந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம், ஏன், மாறாதபோதும், பாடப் புத்தகத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்று ஒரு கூக்குரல் எழுகிறது. பெரிய வகுப்புச் சரித்திரப் புத்தகத்தைப் பற்றிய சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் புத்தகத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அதில் அரசியல் என்றால் என்ன, எதற்குக் கோபப்பட வேண்டும், எதற்குக் கூடாது என்று பார்ப்போம்.

முதலில் நடந்தது என்ன என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நம் மாநிலத்தில் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. பணம் இருந்தால் ஒரு புத்தகம், இல்லாவிட்டால் வேறு புத்தகம் என்பதே நடைமுறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் வேண்டும் என்ற கோரிக்கையை ஆராய 2006இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. 2010இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டே முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் புதிய புத்தகங்கள் வந்துவிட்டன. மற்ற வகுப்புகளுக்கு 2011 ஜூனில் வர வேண்டும்.

2011 மே மாதம் தேர்தல் முடிவு வந்தது. தி.மு.க. போய் அண்ணா தி.மு.க. வந்தது. சில நாட்களிலேயே புதிய அமைச்சரவை சமச்சீர்க் கல்வியை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. ஜூன் 1ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் 15ஆம் தேதிக்குத் தள்ளிப் போயின. சட்டமன்றத்தில் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பெற்றோர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை வந்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் முன்போலவே நடக்கட்டும், மற்றதை ஒரு குழு பார்க்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஜூலை 18ஆம் தேதி உயர் நீதிமன்றம் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. அரசு மறுபடி டெல்லிக்குப் போனது. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டு, பத்து நாளுக்குள் புத்தகத்தைக் கொடு என்றது. அதற்குள் கல்வியாண்டில் ஏறக்குறைய இரண்டு மாதம் கரைந்துவிட்டது.

நிறுத்தியதற்கு அரசு சொன்ன காரணம் பாடத்தின் தரம் போதவில்லை என்பது. தெருவில் பேசப்பட்ட காரணம் வேறு. பழைய முதலமைச்சரைப் பற்றிய குறிப்புகள், 2010 ஜூனில் கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்காக அவர் எழுதிய பாடல், இவையெல்லாம் புத்தகங்களில் இருந்தன. சூரியன் படங்களும் இருந்தன. தீர்ப்புக்குப் பிறகும் இவை தப்பவில்லை. ஆசிரியர்கள் உட்கார்ந்து பக்கத்தின் மேல் தாள் ஒட்டினார்கள், கறுப்பு மையால் அடித்தார்கள், சில இடங்களில் தாளையே கிழித்தார்கள். ஒட்டிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். மறைத்ததை முதலில் படிப்பதுதான் பிள்ளைகளின் குணம் என்பது ஒட்டச் சொன்னவர்களுக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

முப்பது ஆண்டுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. வரைவில் ஒரு வரி தவறாக இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போடுவோம். கோப்பு போய்க்கொண்டே இருக்கும். ஒரு வரிக்காக மொத்தக் கோப்பையும் பீரோவில் வைத்துப் பூட்டினால் மேலதிகாரி என்ன கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆட்சேபத்துக்குரிய பகுதி இருந்தால் அதை நீக்கலாம், அதற்காகத் திட்டத்தையே நிறுத்துவதற்கு நியாயம் இல்லை என்றார்கள் நீதிபதிகள்.

இனி சூரியன் விஷயத்துக்கு வருவோம். காலையில் கோக்கர்ஸ் வாக்கில் நடப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே பஞ்சுபோல மேகம், எதிரே மலை, அதன் தோளிலிருந்து சூரியன் மெல்ல எழும். நம் மலைப் பிள்ளை ஒன்றிடம் ஒரு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், நாலு பறவை, ஒரு வீடு வரும். பண்ணைக்காட்டுப் பிள்ளையும் அதைத்தான் வரையும், மன்னவனூர்ப் பிள்ளையும் அதைத்தான் வரையும். அது எந்தக் கட்சியின் உறுப்பினரும் இல்லை. தினமும் பார்ப்பதை வரைகிறது.

சின்னங்கள் எப்படி வந்தன என்று யோசித்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1951, 52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பெயரைப் படிக்க முடியாதவர்கள் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போடுவார்கள். ஆக, தேர்தல் சின்னம் என்பது எழுத்து அறியாதவர்களுக்காக வைத்த எழுத்து. அரிச்சுவடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. எழுத்து அறியாத பிள்ளைக்கு, தெரிந்த பொருளின் படத்தைக் காட்டித் தெரியாத எழுத்தைச் சொல்லித் தருகிறது. இரண்டுக்கும் தேவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எளிய பொருள். அப்படியானால் இரண்டும் ஒரே கூடையில் கை விடத்தானே செய்யும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இ என்றால் இலை. அது அண்ணா தி.மு.க. கை என்றால் காங்கிரஸ். தாமரை பாரதிய ஜனதா. மாம்பழம் பாட்டாளி மக்கள் கட்சி. பம்பரம் ம.தி.மு.க. முரசு தே.மு.தி.க. சைக்கிள் மூப்பனாரின் த.மா.கா. யானை பகுஜன் சமாஜ். கதிரும் அரிவாளும் கம்யூனிஸ்டுகள். முதல் எழுத்தான அகரத்துக்கு நாம் காலங்காலமாகச் சொல்லும் சொல்கூட, 2011இல் ஆட்சிக்கு வந்தவரைக் கட்சிக்காரர்கள் அழைத்த சொல். இவ்வளவையும் எடுத்துவிட்டால் அரிச்சுவடியில் மிச்சம் இருப்பது அட்டைதான். கட்சிகள் பிள்ளைகளின் உலகத்திலிருந்து கடன் வாங்கின. கடன் வாங்கியவர், கொடுத்தவரைப் பார்த்து, உன் வீட்டில் என் பொருள் ஏன் இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது சூரியன் மேல் தாள் ஒட்டியது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சூரியன் வேறு, ஆட்சியில் இருப்பவரின் பெயரும் பாட்டும் வேறு. முதல்வராக இருக்கும்போதே தம் பாட்டைப் பள்ளிப் புத்தகத்தில் இடம்பெற விடுவது சரியா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் குழு, தன்னை நியமித்தவரின் பாட்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பதுதான் பேச்சு. முடியாது என்றால் அங்கே தேர்வு நடக்கவில்லை. இதை அன்றைக்கே கேட்டிருந்தால் பிறகு தாள் ஒட்டும் வேலைக்குச் சாக்கு கிடைத்திருக்காது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்களின் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் எர்னஸ்ட் லவிஸ் என்பவரின் பெயர் பெரியது. அவர் எழுதிய ஆரம்ப வகுப்புச் சரித்திரப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக ஓடின. நம் நாடு ஒரு காலத்தில் கோல் நாடு, அங்கிருந்தவர்கள் கோல் இனத்தவர் என்றுதான் அந்தப் பாடம் தொடங்கும். பிரான்சில் இருக்கும் பிள்ளைக்கு அது சரி. அதே பாடம் ஆப்பிரிக்காவுக்கும் போனது, இந்தோசீனாவுக்கும் போனது. பொன்னிற மீசை வைத்த கோல் வீரர்களை முன்னோர் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கறுப்பு மீசையும் வேட்டியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் பார்த்தால் பிள்ளை என்ன நினைக்கும்? எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்கு உள்ளே கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

பிரான்சின் உள்ளேயே நடந்த சண்டை இன்னும் பெரியது. 1877இல் இரண்டு சிறுவர்கள் பிரான்சைச் சுற்றி வருவதாக ஒரு வாசிப்புப் புத்தகம் வந்தது. 1870, 71 போரில் ஜெர்மானியரிடம் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் பிரான்சு இழந்திருந்தது. அந்த லொரேனிலிருந்து, தகப்பனை இழந்த அண்ணனும் தம்பியும் கிளம்பி, ஊர் ஊராகப் போய்த் தங்கள் நாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். அட்டையில் ஜி. புருனோ என்று இருக்கும். எழுதியவர் உண்மையில் ஒரு பெண்மணி, ஒகுஸ்தீன் ஃபுய்யே என்று பெயர். லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். அதற்கு என்ன ஆயிற்று தெரியுமா? மதச்சார்பற்ற அரசு வலுத்த பிறகு, 1906 பதிப்பில் கடவுளின் பெயரையும் மாதா கோயில்களையும் எடுத்துவிட்டார்கள். அதே பையன்கள், அதே பயணம். வழியில் கோயில் மட்டும் கண்ணில் படாது. நாம் தாள் ஒட்டினோம், அவர்கள் புதுப் பதிப்பே போட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

அந்த நாட்டில் 1881, 82இல் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற ஆரம்பக் கல்விக்குச் சட்டம் கொண்டுவந்தவர் ஜூல் ஃபெரி. சட்டம் வந்ததும் நீதி போதனைக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றை ரோமாபுரி தடைப் பட்டியலில் சேர்த்தது. ஊருக்கு ஊர் பாதிரியார் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். இதை நம் மலைக்குச் சம்பந்தமில்லாத பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இதே ஃபெரி காலத்தில், 1880இல், இயேசு சபையைக் கலைக்கும் ஆணை பிரான்சில் பிறந்தது. நம் லா சலேத் மாதா கோயிலைக் கட்டியதும், 1895இல் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியை நிறுவியதும் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருமார்கள்தான். தாய்நாட்டில் அவர்கள் சபையின் பள்ளிகள் மூடப்பட்ட அதே தலைமுறையில் நம் மலையில் அவர்கள் கல்வி நிலையம் கட்டினார்கள்.

அந்தச் சண்டையின் உச்சத்தில், 1883 நவம்பர் 17ஆம் தேதி, ஃபெரி ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு உரைகல்லைக் கொடுத்திருந்தார். அதன் கருத்து இது: வகுப்பில் ஒன்றைச் சொல்லும் முன், உன் மாணவர்களின் தகப்பன்மாரில் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்து கேட்டால், நல்ல மனதோடு அதை ஏற்க மறுப்பாரா என்று யோசித்துப் பார். மறுப்பார் என்றால் சொல்லாதே. மறுக்க மாட்டார் என்றால் தைரியமாகச் சொல். அந்த ஃபெரியே அந்நிய நாடுகளைப் பிடிக்கும் கொள்கைக்குக் கொடி பிடித்தவர். அந்தத் தகப்பன்மாரின் வரிசையில் புதுச்சேரித் தகப்பன் ஒருவரை அவர் உட்கார வைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உரைகல் நல்ல உரைகல். சொன்னவரை விடப் பெரியது.

அந்த உரைகல்லை நம் 2011 புத்தகத்தில் உரசிப் பாருங்கள். சூரியன் படம் தேறிவிடும். எந்தத் தகப்பனும் சூரியனை மறுக்க மாட்டார். பதவியில் இருப்பவரின் புகழ் தேறாது. ஏதோ ஒரு தகப்பன் நிச்சயம் முகம் சுளிப்பார்.

அப்படியானால் பாடப் புத்தகத்தில் கருத்தே கூடாதா என்று கேட்கலாம். கருத்து இல்லாத அரிச்சுவடி தமிழில் என்றைக்கும் இருந்ததில்லை. அவ்வையின் ஆத்திசூடியை எழுத்து வரிசையில் கற்ற பரம்பரை நாம். அது எழுத்தோடு தருமத்தையும் கற்றுத் தந்தது. 1908இலிருந்து 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்த பாரதியார், அங்கேதான் புதிய ஆத்திசூடி பாடினார். அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளைக்கு அடக்கத்துக்கு முன்னால் அஞ்சாமை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதன் கடவுள் வாழ்த்தில் எல்லா மதத்துத் தெய்வத்தையும் ஒரே பரம்பொருளாகக் கும்பிட்டார். பிறகு பாரதிதாசன் தம் கொள்கைக்கு ஏற்ப இன்னொரு ஆத்திசூடி எழுதினார். இவை மூன்றிலும் அரசியல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூன்றுமே பிள்ளை எப்படி வாழ வேண்டும் என்று பேசுகின்றன. யாருக்குக் கடன்பட்டவன் என்று பேசவில்லை. எல்லை அங்கேதான் இருக்கிறது. பிள்ளைக்குக் குணம் சொல்லித் தருவது பாடம். பிள்ளையின் மேல் முத்திரை குத்துவது பிரச்சாரம்.

இந்தச் சண்டையில் நஷ்டப்பட்டவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வசதியான வீட்டில் புத்தகம் தாமதமானால் டியூஷன் உண்டு, கதைப் புத்தகம் உண்டு, ஆங்கிலம் படித்த அம்மா உண்டு. கவுஞ்சி, கிளாவரை பக்கத்து வீடுகளிலும், பளியர் குடியிருப்புகளிலும், அரசு கொடுக்கும் பாடப் புத்தகம்தான் பல நேரம் வீட்டுக்குள் வரும் ஒரே புத்தகம். அரசுப் பள்ளியின் சின்ன வகுப்புகளில் அப்போது செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அட்டை பள்ளியிலேயே இருக்கும். சாயங்காலம் அடுப்படி வெளிச்சத்தில் தங்கைக்குப் படித்துக் காட்ட வீட்டுக்கு வராது. 2010இல் முதல் வகுப்பில் புதுப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டக் கற்ற பிள்ளை, 2011இல் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அடுத்த புத்தகம் இல்லை. அந்த வயதில் இரண்டு மாதம் விட்டால் கற்ற எழுத்தும் கலைந்து போகும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்று கொண்டுவந்த திட்டம், சண்டையில் சிக்கியதும் ஏழைப் பிள்ளையைத்தான் முதலில் அடித்தது.

இன்னொன்றும் மனதில் படுகிறது. சூரியன் இருக்கிறதா, இலை இருக்கிறதா என்று புத்தகத்தைத் துருவியவர்கள், அதில் பளியர் பிள்ளை இருக்கிறதா, தேன் எடுக்கும் அப்பன் இருக்கிறாரா, பூம்பாறைப் பூண்டும் பிளம்ஸ் மரமும் இருக்கின்றனவா என்று தேடவில்லை. இருப்பதை அடிப்பதற்குக் கட்சி உண்டு. இல்லாததைக் கேட்பதற்குக் கட்சி இல்லை. கோல் வீரனை முன்னோனாகப் படித்த ஊரில் வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. தன் முகம் இல்லாத புத்தகத்தைப் பிள்ளை மனப்பாடம் செய்யும். ஆனால் அது தன்னுடையது என்று நினைக்காது.

பத்து ஆண்டு கழித்து நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2021 மே மாதம் மறுபடி ஆட்சி மாறியது. ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்கள் அச்சிட்ட பள்ளிப் பைகள் சுமார் 65 லட்சம் கையிருப்பில் இருந்தன. புது முதலமைச்சர் ஸ்டாலின், படம் இருந்தால் இருக்கட்டும், பையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டதாகக் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மாற்றியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய 13 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சொன்னார். நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குபவன் அல்ல. பையில் படம் போட்டது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பான அச்சைத் திருத்தப் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். அலுவலக மொழியில் சொன்னால், இதை ஒரு நிரந்தர ஆணையாகவே போட்டுவிடலாம்: பதவியில் இருப்பவரின் பெயரோ படமோ எழுத்தோ பாடப் புத்தகத்திலும் பையிலும் வரக் கூடாது. வந்துவிட்டால் அடுத்த பதிப்பில் எடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அச்சான புத்தகம் ஜூன் மாதத்தில் கிடங்கில் இருக்கக் கூடாது.

மூன்று வரிதான். கையெழுத்துப் போட எந்தக் கட்சி முன்வந்தாலும் எனக்குச் சம்மதமே.